கடைக்குப் போகுமுன் பரணைப் பாருங்கள்

பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அதனால் புதிதாகக் குடித்தனம் வைத்த பிள்ளைகள் என்னிடம் வந்து, "டீச்சர், எல்லாத்தையும் வீட்டிலேயே செஞ்சு பாக்கணும்னு ஆசை. எதுல ஆரம்பிக்கலாம்?" என்று கேட்பதுண்டு. பெண்கள் மட்டும் கேட்ட காலம் போய் இப்போது ஆண் பிள்ளைகளும் கேட்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் கேட்கும்போதே கையில் ஒரு பட்டியல் இருக்கும்: பசைத் துப்பாக்கி, பெயின்ட் டப்பா, லேஸ், கேக் அச்சு, ஓவன், எம்ப்ராய்டரி மிஷின். செலவைக் குறைக்கக் கிளம்பியவர்கள் செலவோடு கிளம்புகிறார்கள். அவர்களுக்குச் சொன்னதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். வரிசைப்படி செய்ய வேண்டும் என்றில்லை. முதல் இரண்டை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

1. பரணில் ஏறுங்கள். பீரோவின் அடித்தட்டு, கட்டிலுக்கு அடியில் தள்ளிய அட்டைப்பெட்டி, சமையலறையில் யாரும் திறக்காத மேல் அலமாரி எல்லாவற்றையும் கூடத்தில் இறக்கிப் பரப்புங்கள். அம்மாவின் நூல் சேலைகள், அப்பாவின் வேட்டிகள், முட்டி கிழிந்த ஜீன்ஸ், பிடி உடைந்த குக்கர், கட்டிக் கட்டி வைத்த செய்தித்தாள், காலர் நைந்த சட்டையில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஏழு பொத்தான்கள் என்று ஒரு கடையே வைக்கலாம். முதலில் என்ன செய்வது என்று முடிவு பண்ணிவிட்டு, பிறகு அதற்குப் பொருள் தேடி அலைவது வசதியுள்ளவர்கள் பழக்கம். என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அதிலிருந்து என்ன வரும் என்று யோசிப்பதுதான் கைக்காசு பார்த்துச் செலவழிக்கும் வீட்டின் பழக்கம்.

எடுத்த துணியைச் சோதிக்காமல் கத்தரி வைக்காதீர்கள். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் நைந்த இடம் சல்லடையாகத் தெரியும். இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவே பிடித்து இழுத்துப் பாருங்கள். 'பர்' என்று விட்டுக்கொடுத்தால் அது கரித்துணிக்குத்தான். சேலையில் கொசுவம் செருகும் இடமும் காலில் மிதிபடும் கரையும் முதலில் போகும். முந்தானைப் பக்கம் பெரும்பாலும் உறுதியாகவே இருக்கும்.

2. கணக்குப் போடுங்கள், பொய்க்கணக்கு வேண்டாம். மீட்டர் துணி புதிதாக வாங்கி, நூல் வாங்கி, ஜிப் வாங்கித் தலையணை உறை தைத்தால், தெருவில் கூவி விற்பவரிடம் கிடைக்கும் உறையைவிட விலை கூடத்தான் வரும். அதே உறையைப் பழைய சுங்குடிச் சேலையில் தைத்தால் நூல் செலவு மட்டும்தான். கேக் கணக்கும் இப்படித்தான். 1500 வாட் ஓவன் முழு வேகத்தில் 40 நிமிடம் ஓடினால் ஒரு யூனிட் கரன்ட். அது பெரிய செலவே இல்லை. செலவு ஓவனின் விலையில் இருக்கிறது. மாதம் ஒரு கேக் செய்யும் வீட்டில் அந்த விலையை மீட்க எத்தனை வருஷம் ஆகும் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். அதற்குள் அது பரணுக்குப் போயிருக்கும்.

ஆசைக்குச் செய்வது தவறு என்று சொல்லவில்லை. ஆசைக்குச் செய்வதை ஆசைக் கணக்கில் எழுதுங்கள். சிக்கனக் கணக்கில் எழுதாதீர்கள்.

3. மிஷினுக்கு முன் கை ஊசி. நான்கு தையல் தெரிந்தால் வீட்டுத் துணியில் முக்கால் பங்கைக் காப்பாற்றிவிடலாம்: ஓட்டுத் தையல், பின் தையல், ஹெம்மிங், இழை ஓட்டுதல். ஓட்டுத் தையல் தற்காலிகமாகப் பிடித்து வைக்க. அது இழுத்தால் உருவி வந்துவிடும். அதனால் இழுபடும் இடத்தில், அதாவது அக்குள், பையின் பிடி, கால்சட்டையின் கவட்டை ஆகியவற்றில், ஒவ்வொரு குத்துக்கும் பாதி பின்னால் வந்து போடும் பின் தையல்தான் நிற்கும். ஹெம்மிங்கில் வெளிப்பக்கம் ஒரே ஒரு இழையை மட்டும் ஊசி கவ்வ வேண்டும். இரண்டு இழையைக் கவ்வினால் நல்ல பக்கத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

சட்டையில் பொத்தான் தைக்கும்போது பொத்தானுக்கு மேலே ஒரு தீக்குச்சியை வைத்து, அதன் மேலாக நூலை ஓட்டுங்கள். முடிந்ததும் குச்சியை உருவிவிட்டு, பொத்தானுக்கும் துணிக்கும் நடுவே தளர்ந்து நிற்கும் நூலைச் சுற்றி மூன்று சுற்று சுற்றி முடிச்சுப் போடுங்கள். காஜாவின் கனம் உட்கார இடம் கிடைக்கும். பொத்தான் பிய்த்துக்கொண்டு வராது. ரெடிமேட் சட்டைகளில் முதலில் கழன்று விழுவது பொத்தான்தான், இந்த இடைவெளி இல்லாததும் ஒரு காரணம்.

கிழிசலுக்கு நூல் தேடிக் கடைக்குப் போக வேண்டாம். அதே துணியின் உள்மடிப்பிலிருந்து இரண்டு இழையை உருவினால் நிறம் அச்சாகப் பொருந்தும். வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கி வைத்து ஓட்டுத் தையலில் காந்தாப் போர்வை தைத்தது இப்படித்தான். நூலைக்கூடச் சேலைக் கரையிலிருந்தே உருவிக்கொண்டார்கள். இன்று அதையே கடையில் கண்ணாடிக்குப் பின்னால் மாட்டி வைத்து விற்கிறார்கள்.

4. புதுத் துணியாக இருந்தால் வெட்டுவதற்கு முன் நனையுங்கள். பருத்தி முதல் நனைப்பில் சுருங்கும். இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகுதான் கத்தரி. உள்ளே கொடுக்கும் லைனிங் துணிக்கு இது இன்னும் முக்கியம். மேல்துணி சுருங்காமல் லைனிங் மட்டும் சுருங்கினால், முதல் சலவையிலேயே ரவிக்கை உள்ளுக்குள் இழுத்துக்கொள்ளும்.

இன்னொன்று: துணியில் பாவு நூல் ஓடும் திசை எது என்று பாருங்கள். கரைக்கு இணையாக ஓடுவது பாவு. அது அதிகம் இழுபடாது. குறுக்கே ஓடுவது ஊடை, கொஞ்சம் கொடுக்கும். மூலைக்கு மூலை இழுத்தால் ரப்பராக நீளும். உடம்பின் நீளவாக்கில் பாவு வர வேண்டும். துணி மிச்சமாகிறதே என்று கோணலாக வைத்து வெட்டினால், தைக்கும்போது ஒன்றும் தெரியாது. நாலு சலவைக்குப் பிறகு பாவாடையின் ஒரு பக்கம் தொங்கும். கழுத்துக்குப் பட்டி கொடுக்க மட்டும் வேண்டுமென்றே கோணலாக வெட்டுவோம். டெய்லர்கள் அதை 'கிராஸ் பீஸ்' என்பார்கள். வளைவில் மடங்கி உட்கார அதுதான் வளையும்.

5. முதல் வேலையாகத் தலையணை உறை தையுங்கள். நேர்கோடு மட்டும்தான், அளவு தப்பினாலும் தலையணை கோபித்துக்கொள்ளாது. ஜிப், பொத்தான், நாடா எதுவும் தேவையில்லாத முறை ஒன்று சொல்கிறேன். 17 அங்குலம் அகலமும் 27 அங்குலம் நீளமும் உள்ள தலையணைக்கு, 19 அங்குல அகலத்தில் 63 அங்குல நீளத் துண்டு ஒன்று வெட்டுங்கள். இரண்டு குறுகிய ஓரங்களையும் ஒரு அங்குலம் மடித்துத் தைத்தால் 61 நிற்கும். நல்ல பக்கம் மேலே பார்க்கும்படி தரையில் விரியுங்கள். இடது ஓரத்தைத் தூக்கி 27 அங்குலம் வலப்பக்கமாக மடியுங்கள். இப்போது வலக்கோடியில் 7 அங்குலம் மிச்சம் நீட்டிக்கொண்டிருக்கும். அதை, மடித்த துணியின் மேலாக இடப்பக்கம் மடக்குங்கள். இரண்டு நீளப் பக்கங்களையும் அரை அங்குலம் விட்டுத் தைத்து, உள்வெளியாகத் திருப்புங்கள். அந்த 7 அங்குலம் உள்ளே போய்த் தலையணையின் வாயை மூடிக்கொள்ளும்.

ஐந்தரை மீட்டர் சேலை என்பது 216 அங்குலம். அகலம் பெரும்பாலும் 45-க்குக் குறையாது. அகலவாக்கில் இரண்டு துண்டு, நீளவாக்கில் மூன்று துண்டு என்று கணக்குக்கு ஆறு உறை வரும். நைந்த இடத்தைத் தள்ளினால் நான்கு நிச்சயம். முந்தானையை உறையின் முகப்பில் வரும்படி வைத்து வெட்டினால், வீட்டுக்கு வருகிறவர்கள் எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்பார்கள். மதுரைக்காரி சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம்: இதற்குப் பழைய சுங்குடிக்கு மேல் துணி கிடையாது. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருக்கும். பாலியெஸ்டர் சேலையில் மட்டும் தைக்காதீர்கள். வேர்வையை உறிஞ்சாது, சித்திரை மாதத்தில் கன்னம் கொதிக்கும்.

உறைக்குள் போகும் தலையணையையும் பாருங்கள். இலவம்பஞ்சாக இருந்தால் கட்டி தட்டியதும் தூக்கிப் போட வேண்டாம். ஓரத்தைப் பிரித்துப் பஞ்சை எடுத்து, காற்றில்லாத மொட்டை மாடியில் பழைய வேட்டிக்கு அடியில் வெயில் காட்டி, விரலால் பிய்த்துவிட்டுத் திரும்ப அடைக்கலாம். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். இலவம்பஞ்சை நனைக்கவே கூடாது.

6. இரண்டாவது வேலை, பை. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசே இயக்கம் தொடங்கியது. அதற்காகப் பையைக் கடையில் வாங்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஜீன்ஸின் ஒரு காலை முட்டிக்கு மேல் வெட்டி, அடியை மூடி, மிச்சத்தில் பிடி வைத்தால் ஐந்து கிலோ அரிசி தாங்கும். பிடியை வாய் ஓரத்தில் ஒரே கோடாகத் தைத்தால் பிய்ந்துவிடும். ஒன்றரை அங்குலச் சதுரமாகச் சுற்றித் தைத்து, அதற்குள் மூலைக்கு மூலை பெருக்கல் குறி போடுங்கள். கடையில் வாங்கிய பைகளைத் திருப்பிப் பாருங்கள், உறுதியானவற்றில் இந்தக் குறி இருக்கும்.

7. மிஷின். கை ஊசியில் இரண்டு உறையும் ஒரு பையும் முடித்தவர்கள் மட்டும் இதைப் படியுங்கள். புது மிஷின் வேண்டாம். காலால் மிதிக்கும் பழைய மிஷின் ஏதாவது ஒரு சொந்தக்காரர் வீட்டில் துணி போர்த்தி, மேலே பூச்சாடியோடு நின்றுகொண்டிருக்கும். கேட்டால் கொடுத்துவிடுவார்கள், இடம் காலியானால் போதும் என்றிருப்பார்கள். ரிப்பேர்க்காரரைக் கூப்பிட்டுப் பெல்ட்டை மாற்றி எண்ணெய் விட்டால் உங்கள் காலத்துக்கும் ஓடும். ஆதரவற்ற பெண்களுக்கு அரசு தரும் இலவசத் தையல் இயந்திரத் திட்டம் ஒன்று சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இருக்கிறது. தேவையுள்ளவர்கள் தெரிந்தால் மாவட்டச் சமூகநல அலுவலகத்துக்கு அனுப்பி வையுங்கள்.

நூல் அறுகிறது, தையல் தவறுகிறது என்று மிஷினைத் திட்டுமுன் ஊசியைப் பாருங்கள். மெல்லிய துணிக்கு 11, ரூபியா, பாப்ளின் வகைக்கு 14, காடாத் துணிக்கு 16, ஜீன்ஸுக்கு 18. ஊசியின் தட்டைப் பக்கம் சரியான திசையில் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். முனை மழுங்கியிருந்தால் மாற்றுங்கள். சீட்டி, பட்டு, ஜீன்ஸ் எல்லாவற்றையும் ஒரே ஊசியில் தைப்பவர்கள்தான் அதிகம். அடித்தையல் குழம்பிக் கொசகொசவென்று நூல் சுற்றிக்கொண்டால், பெரும்பாலும் குறை மேல்நூல் கோத்ததில் இருக்கும். பாபினை நோண்டாமல் மேல்நூலை முதலிலிருந்து கோத்துப் பாருங்கள்.

8. உடுப்பு தைக்க ஆசை வந்தால் சின்னப் பிள்ளையின் பாவாடையில் தொடங்குங்கள். இடுப்புச் சுற்றளவைப் போல இரண்டரை மடங்கு துணி எடுத்துச் சுருக்கினால் போதும். இடுப்புக்குப் பட்டி, பட்டிக்குள் நாடாவோ எலாஸ்டிக்கோ. வெட்டும்போது நீளத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆறு அங்குலம் கூடவே விட்டு, அதை அடிக்கரைக்கு மேலே இரண்டு டக்காகப் பிடித்துத் தையுங்கள். அந்தக் காலத்துப் பட்டுப் பாவாடைகளில் வரி வரியாக இருக்குமே, அது அழகுக்கு மட்டும் வைத்ததில்லை. பிள்ளை வளர வளர வருஷத்துக்கு ஒரு டக்கைப் பிரித்துவிட்டால் ஒரே பாவாடை மூன்று தீபாவளிக்கு வரும். பிரித்த இடத்தில் தையல் தடம் தெரிந்தால் அதன் மேல் ஒரு லேஸ் ஓட்டுங்கள். நான் லேஸ் வாங்கச் சம்மதிக்கும் ஒரே இடம் இதுதான்.

9. ரவிக்கையை டெய்லரிடம் கொடுங்கள். அக்குள் வளைவும் டார்ட்டும் கைக்கு வர வருஷங்கள் பிடிக்கும். 80 சென்டிமீட்டர் துணியைப் பாழாக்கி, பிறகு அதே நிறத்தில் இன்னொரு பிட் தேடிக் கடை கடையாக ஏறுவது சிக்கனமாகாது. மதுரைப் புதுமண்டபத்தில் தையல் மிஷின்கள் வரிசையாகக் கடகடத்துக்கொண்டிருந்த நாட்களில் நின்று பார்த்தவள் நான். அங்கே தைத்தவர்கள் அளவு நாடாவைக்கூடப் பாதி நேரம் எடுக்க மாட்டார்கள். அந்தக் கண்ணுக்குக் கூலி கொடுக்கத்தான் வேண்டும்.

10. ஒயர் கூடை பின்னக் கற்றுக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் பெண்கள் மதியத் தூக்கத்தைத் தள்ளிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வளர்த்த கலை இது. துணியில் ஒருமுறை வெட்டினால் வெட்டியதுதான். ஒயரில் தப்பாகப் போட்டால் பிரித்துவிட்டுத் திரும்பப் போடலாம். தொடங்குகிறவர்களுக்கு இதைவிடத் தோதான வேலை வேறில்லை.

சாதா முடிச்சில் தொடங்குங்கள். சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் எல்லாம் பார்க்கக் கண்ணைப் பறிக்கும், ஆனால் ஒயர் அதிகம் குடிக்கும், விரலும் புண்ணாகும். முதல் ஒயரை அளந்து வெட்டியதும் அதை ஒரு ஆணியில் மாட்டிவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அதோடு வைத்து அளந்து வெட்டுங்கள். முன்னால் வெட்டியதை வைத்து அடுத்ததை, அடுத்ததை வைத்து அதற்கடுத்ததை என்று போனால், ஒவ்வொன்றிலும் விரல்கடை விரல்கடையாக மாறி, கடைசி ஒயர் ஒரு சாண் குறைந்து நிற்கும். அடிப்பாகத்தை இறுக்கமாகப் பின்னுங்கள். பக்கங்களில் ஒரே சீரான இழுப்பு போதும். ஒயர் தீர்ந்துபோனால் புது ஒயரை முடிச்சுக்குள் நான்கைந்து கண் சேர்த்தே ஓட்டிவிட்டுப் பழையதை வெட்டுங்கள். முடிச்சுப் போட்டு இணைத்தால் கூடை கனமேறும் அன்று அங்கேதான் அவிழும். கைப்பிடியைக் கடைசியில் அவசரமாக முடிக்கும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. கூடையின் ஆயுள் கைப்பிடியில். வெயிலில் போட்டு வைத்தால் ஒயர் மொடமொடத்துப் போகும், உள்ளேயே மாட்டுங்கள்.

11. செய்தித்தாள் கூடை. பழைய வீடுகளில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் மஞ்சள் பூசிய ஒரு கூடை இருக்கும், தட்டினால் மரம் மாதிரி சத்தம் வரும். அது காகிதம். தாளைக் கிழித்து இரண்டு மூன்று நாள் தண்ணீரில் ஊறப் போட்டு, தனியே இரவு ஊறவைத்த வெந்தயத்தோடு சேர்த்து அரைப்பார்கள். வெந்தயத்தின் வழவழப்புதான் பசை; அதன் கசப்பைப் பூச்சியும் விரும்பாது. வாய் அகன்று அடி குறுகிய பாத்திரத்தைக் கவிழ்த்து, மேலே ஈரத்துணி போர்த்தி, கூழைச் சுண்டுவிரல் கனத்துக்கு ஒரே சீராக அப்ப வேண்டும். வாய் குறுகிய குடத்தில் அப்பினால் உருவ முடியாது. முதல் நாள் நிழல், பிறகு வெயில். அக்னி நட்சத்திரத்தில் செய்தால் சீக்கிரம் காயும். ஐப்பசியில் தொடங்கினால் பூஞ்சணம்தான் கிடைக்கும்.

ஒரு திருத்தம் மட்டும் சொல்வேன். பாட்டிமார் அதில் அரிசியும் வற்றலும் போட்டு வைத்தார்கள். அச்சு மை உணவில் படக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் செய்தித்தாளில் பண்டம் மடிப்பதையே வேண்டாம் என்கிறது. ஆகவே சாவி, நூல்கண்டு, பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் போட வைத்துக்கொள்ளுங்கள். இட்லி மாவு அரைக்கும் கிரைண்டரில் கூழை அரைக்கவும் கூடாது. உரல் கிடைக்காவிட்டால் ஒரு மூங்கில் கம்பால் வாளியிலேயே இடித்துக்கொள்ளலாம், கை வலிக்கும், அவ்வளவுதான்.

12. கேக்குக்கு வருவோம். பரணில் கிடந்த அந்தப் பிடி உடைந்த குக்கர் ஞாபகம் இருக்கிறதா? அதுதான் ஓவன். கேஸ்கட்டைக் கழற்றுங்கள், மேலே வைக்கும் வெயிட்டையும் எடுத்துவிடுங்கள். இவை இரண்டும் இருக்கும்போது தண்ணீரில்லாத குக்கரை மூடி அடுப்பில் ஏற்றுவது ஆபத்து. விளையாட்டாகக்கூடச் செய்யக் கூடாது. அடியில் அரை அங்குலம் கல்லுப்பு பரப்பி, அதன் மேல் ஒரு வளையம் அல்லது கவிழ்த்த கிண்ணம் வைத்து, மூடி, பத்து நிமிடம் நடுத்தரத் தீயில் காய விடுங்கள். பிறகு மாவுப் பாத்திரத்தை வைத்து மூடித் தீயைக் குறைத்துவிட வேண்டும். ஒருமுறை இப்படி வெறும் சூட்டில் காய்ச்சிய குக்கரைத் திரும்பப் பருப்பு வேகவைக்கக் கொண்டுபோகாதீர்கள்; இந்த வேலைக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். அடி கனமான இட்லிக் கொப்பரையும் உதவும்.

முட்டையில்லாத சாதாரணக் கேக் ஒன்று: புளிக்காத கெட்டித் தயிர் ஒரு கப், 150 கிராம் சர்க்கரை, அரை கப் வாசனையில்லாத எண்ணெய், 190 கிராம் மைதா, ஒன்றேகால் டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் சமையல் சோடா, கொஞ்சம் வெனிலா. சர்க்கரையைத் தயிரில் கரைத்து, பவுடரையும் சோடாவையும் அதில் போட்டு ஐந்து நிமிடம் விட்டால் நுரைத்து எழும்பும். எண்ணெயும் வெனிலாவும் சேருங்கள். மைதாவைச் சலித்துப் போட்டு, மாவு மறையும் வரைக்கும் மட்டும் கலக்குங்கள். தோசை மாவை அடிப்பதுபோல அடித்தால் மைதாவின் பசைத்தன்மை வெளியே வந்து கேக் ரப்பராகிவிடும். ஏழு அங்குலப் பாத்திரத்தில் எண்ணெய் தடவி ஊற்றி வையுங்கள். குறைந்த தீயில் 40 முதல் 50 நிமிடம். முதல் அரை மணி மூடியைத் திறக்காதீர்கள். பிள்ளைகள் கேட்பார்கள், கொடுக்காதீர்கள். எழும்பி நிற்கும் மாவு உள்ளே இன்னும் இறுகாத நேரத்தில் குளிர்காற்று பட்டால் நடுவில் குழி விழும்.

13. சோடாவும் பேக்கிங் பவுடரும் வேறு வேறு. ஆப்பத்துக்குப் போடும் சோடா தானாக எழும்பாது; தயிர், எலுமிச்சை, வினிகர் என்று ஒரு புளிப்பு வேண்டும். பேக்கிங் பவுடருக்குள் அந்தப் புளிப்பையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள், ஈரம் பட்டால் போதும். சோடா கூடினால் சோப்பு வாடை வரும். டப்பா பழசாக இருந்தால் ஒரு ஸ்பூன் பேக்கிங் பவுடரை வெந்நீரில் போட்டுப் பாருங்கள். பொங்கவில்லை என்றால் கேக்கும் பொங்காது.

பேக்கிங்கில் நான் வாங்கச் சொல்லும் ஒரே சாமான் ஒரு சின்ன டிஜிட்டல் தராசு. சாம்பாருக்குக் கண் அளவு போதும். கேக்குக்குப் போதாது. ஒரு கப் மைதாவை அமுக்கி எடுத்தால் ஒரு எடை, தூவி எடுத்தால் ஒரு எடை.

14. டூட்டி ஃப்ரூட்டியைப் பாக்கெட்டில் வாங்காதீர்கள், அது பப்பாளிக்காய். பழுக்காத காயைத் தோல் சீவி, விதை நீக்கி, கடலைப்பருப்பைவிடக் கொஞ்சம் பெரிதாக நறுக்குங்கள். கண்ணாடி மாதிரி ஆகும் வரை தண்ணீரில் வேகவைத்து வடித்து, அதன் எடைக்குச் சமமாகச் சர்க்கரை போட்டுப் பாகில் கொதிக்கவிட்டு, ஒரு கம்பிப் பதம் வந்ததும் இறக்குங்கள். கிண்ணம் கிண்ணமாகப் பிரித்து, வேண்டுமானால் பீட்ரூட் சாறோ கடையில் விற்கும் உணவு நிறமோ ஒரு துளி விட்டு, ஒரு ராத்திரி பாகிலேயே ஊறட்டும். மறுநாள் வடித்துத் துணியில் பரப்பி நிழலில் உலர்த்தினால் முடிந்தது. வடித்த பாகைக் கொட்ட வேண்டாம், எலுமிச்சைச் சாற்றுக்கு ஆகும். தர்பூசணித் தோலின் வெள்ளைப் பாகத்திலும் இதைச் செய்யலாம், சித்திரையில் அது குப்பையில்தானே போகிறது.

பிஸ்கட் வேண்டுமென்றால் நானக்கட்டாய்: இரண்டு பங்கு மைதா, ஒரு பங்கு பொடித்த சர்க்கரை, ஒரு பங்கு உறைந்த நெய், ஏலக்காய். தண்ணீர் சேர்க்காமல் பிசைந்து உருட்டி, அதே குக்கரில் பதினைந்து இருபது நிமிடம். சூட்டில் தொட்டால் மெத்தென்றுதான் இருக்கும். வேகவில்லை என்று திரும்பவும் வைத்துக் கருக்கிவிடாதீர்கள், ஆறினால்தான் இறுகும். காய்ந்துபோன ரொட்டித் துண்டுகளை அதே சூட்டில் விட்டு எடுத்தால் ரஸ்க்.

15. தூத்துக்குடி மக்ரூனை வீட்டில் முயற்சி செய்யாதீர்கள். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி, மூன்றே பொருள்தான், அதனால் சுலபம் என்று தோன்றும். வெள்ளைக்கருவில் ஒரு துளி மஞ்சள் கலந்தாலும், பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் நுரை நிற்காது. நின்றாலும் குக்கர் சூடு அதற்கு முரடு. அந்தப் பக்கம் யாராவது போனால் அரைக் கிலோ வாங்கி வரச் சொல்லுங்கள்.

16. அலங்காரச் சாமான் குறித்து எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஐஸ்குச்சியில் வீடு, பாட்டிலுக்குச் சணல்கயிறு சுற்றல், சி.டி.யில் மயில், செய்யும்போது சந்தோஷம், அதற்குப் பிறகு தூசி தட்டும் வேலை. கொலுவுக்குப் பூங்கா வைக்க, கோலத்துக்கு அச்சு வெட்ட என்று ஒரு காரணம் இருந்தால் செய்யுங்கள். பசைத் துப்பாக்கிக்குப் பதில் இரண்டு ஸ்பூன் மைதாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சிக்கொள்ளுங்கள். காகிதத்துக்கும் அட்டைக்கும் அது போதும். பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம், பிள்ளைகள் கை வைக்கும் வீட்டில் வேண்டாம். இரண்டு நாளில் புளித்தால் புதிதாகக் காய்ச்சுங்கள்.

17. நாலு பேர் பாராட்டியதும் "விற்கலாமா டீச்சர்?" என்று கேட்பீர்கள். விற்கலாம். ஒயர் கூடைக்கும் பைக்கும் ஓரளவு கிராக்கி உண்டு. விலை வைக்கும்போது பொருளின் விலையை மட்டும் எழுதி, உங்கள் கூலியைச் சும்மா விட்டுவிடாதீர்கள். ஒரு கூடைக்கு எத்தனை மணி நேரம் என்று கடிகாரம் பார்த்துக் குறித்து வைத்து, உங்கள் ஊரில் அரை நாள் கூலி என்னவோ அதை வைத்துக் கணக்குப் பாருங்கள். வரும் விலையைக் கேட்டு முதலில் நீங்களே அதிர்ந்துபோவீர்கள். வாங்க வந்த சொந்தக்காரர்களும் அதிர்வார்கள். குறைத்துக் கேட்பவர்களுக்கு, பின்னக் கற்றுத் தருகிறேன் என்று சொல்லுங்கள், பாதிப் பேர் கேட்ட விலையைக் கொடுத்துவிடுவார்கள். கேக், பிஸ்கட் விற்பதாக இருந்தால், வீட்டு அடுப்பில் செய்தாலும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) பதிவு வாங்க வேண்டும்; ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். இன்னொன்று, முதல் ஆர்டரைத் தீபாவளி வாரத்தில் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆடி மாதத்தில் தொடங்குங்கள். அப்போதுதான் வாங்குகிறவர்களுக்கும் அவசரம் இருக்காது, உங்களுக்கும் இருக்காது.